மரச்சட்டக வீடு: ஆர்க்கிடெக்டும் சட்டக வடிவமைப்பாளரும் எப்போது சேர்ந்து உட்கார வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரச்சட்டக வீடுகளுக்குச் சட்டக வடிவமைப்பு செய்வது என் அன்றாட வேலை. ஆர்க்கிடெக்ட் வரைந்த வீட்டை எடுத்து, எந்தக் கட்டை எங்கே நிற்கும், எது எதைத் தாங்கும், ஆணிகள் எத்தனை மி.மீ. இடைவெளியில் இறங்கும் என்கிற அளவுக்குப் பிரித்து, தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். என்னிடம் வரும் வரைபடங்களில் பாதிக்கு மேல் எல்லாம் முடிவான பிறகே வருகின்றன. வீடு கட்டுவதால் வெளியாகும் கார்பனைக் குறைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படும் வீட்டுக்காரரும் ஆர்க்கிடெக்டும்கூட, குறைப்பதற்கு வாய்ப்பு இருந்த நாட்களைத் தாண்டிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இது வருத்தமான விஷயம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

மரச்சட்டக வீடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒல்லியான மரக்கட்டைகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் செங்குத்தாக நிறுத்தி, மேலேயும் கீழேயும் படுக்கைக் கட்டை கொடுத்து, ஒரு பக்கம் ஓ.எஸ்.பி (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை) அல்லது பிளைவுட் பலகை அடித்து, நடுவில் இன்சுலேஷன் நிரப்பிச் செய்யும் சுவர். நிற்கும் கட்டையை ஸ்டட் என்பார்கள். பெரும்பாலும் 38 மி.மீ. அகலம், 140 மி.மீ. ஆழம், ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 400 அல்லது 600 மி.மீ. இந்தச் சுவர்கள்தான் வீட்டைத் தாங்குகின்றன. வெளியே செங்கலோ மரப்பலகையோ ஓடோ எது தெரிந்தாலும் அது உறை மட்டும்.

சி.எல்.டி என்கிற ஒட்டுப் பலகைக் கட்டுமானம் வேறு. அதில் சுவரே முழு மரம். ஒரு சாதாரண வீட்டுக்கு மெல்லிய சட்டகத்தில் ஆகும் மரம் அதைவிட மிகவும் குறைவு. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது மெல்லிய சட்டகத்தைப் பற்றி.

சரி, எப்போது கூப்பிட வேண்டும்?

வீட்டின் சுவர்களை இன்னும் 100 மி.மீ. இங்கே அங்கே நகர்த்தலாம் என்ற நிலை இருக்கும்போது. எனக்குத் தெரிந்த மிகச் சரியான அளவுகோல் அதுதான். அறைகள் எங்கே என்று தோராயமாகத் தெரிய வேண்டும், ஜன்னல் அளவுகள் இன்னும் பென்சிலில் இருக்க வேண்டும், அரசு அனுமதிக்கு விண்ணப்பம் போயிருக்கக் கூடாது. பிரிட்டனில் ஆர்க்கிடெக்டுகள் பின்பற்றும் ரிபா வேலைத்திட்டத்தில் இதை 2ஆம் நிலை, அதாவது கருத்துரு வடிவமைப்பு என்பார்கள். நடைமுறையில் சட்டக ஆளிடம் வேலை வருவது 4ஆம் நிலையில், தொழில்நுட்ப வரைபடம் போடும்போது. அதற்குள் அனுமதி கிடைத்திருக்கும், வெளித்தோற்றம் பூட்டப்பட்டிருக்கும், ஜன்னல்களுக்கு விலைகூட வாங்கியிருப்பார்கள்.

முதல் சந்திப்பு இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். முழு வடிவமைப்பையும் அன்றே போட வேண்டியதில்லை. எங்கே தாங்கும் சுவர், தரை உத்திரங்கள் எந்தத் திசையில் ஓடும், குழாய்கள் எங்கே இறங்கும், சுவர் எவ்வளவு தடிமன். இந்த நான்கும் பேசி முடிந்துவிட்டால் மீதியில் பெரும்பகுதி தானாக அமையும்.

எப்போது பேசினாலும் அதே மரம்தானே போகும்? கார்பன் எப்படிக் குறையும்?

அதே மரம் போகாது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு சுவர் 4800 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். பலகை 1200 மி.மீ. அகலத்தில் வருகிறது. நான்கு பலகை, வெட்டே வேண்டாம், 600 மி.மீ. இடைவெளியில் ஒன்பது ஸ்டட். அதே சுவரை ஆர்க்கிடெக்ட் 4900 என்று வரைந்துவிட்டால், ஐந்தாவது பலகையை எடுத்து அதிலிருந்து 100 மி.மீ. துண்டு வெட்டி ஒட்ட வேண்டும், அந்தத் துண்டைப் பிடிக்க இன்னொரு ஸ்டட் வேண்டும். மிச்சப் பலகை வேறு எங்காவது பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் குப்பை. 100 மி.மீ. அதிகமாக இருந்ததால் அந்த அறையில் வசிப்பவருக்கு என்ன கிடைத்தது? அநேகமாக ஒன்றும் இல்லை. அந்த 4900 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆர்க்கிடெக்டுக்கே நினைவிருக்காது.

இப்போது ஜன்னல். ஜன்னலின் இரு பக்கமும் முழு உயர ஸ்டட் ஒன்று, லிண்டலைத் தாங்கும் குட்டை ஸ்டட் ஒன்று என்று நிற்கும். ஜன்னலைச் சுவரில் கண்ணுக்கு நன்றாக இருக்கும் இடத்தில் வைத்துவிட்டால், அந்த முழு உயர ஸ்டட்டுக்கும் 600 மி.மீ. வரிசையில் ஏற்கெனவே வரும் ஸ்டட்டுக்கும் நடுவே மையத்துக்கு மையம் 60 மி.மீ. என்று வந்து நிற்கும். கட்டை 38 மி.மீ. போனால் மிச்ச இடைவெளி 22 மி.மீ. அதில் யாரும் ஒழுங்காக இன்சுலேஷன் அடைக்க முடியாது. திணிப்பார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். கீழிருந்து மேல்வரை ஒரு குளிர்ந்த கோடு. ஜன்னலை 60 மி.மீ. நகர்த்தியிருந்தால் வரிசையில் வரும் ஸ்டட்டே ஜன்னல் ஸ்டட்டாகவும் ஆகியிருக்கும், ஒரு கட்டையும் மிச்சம், அந்தக் கோடும் இல்லை. முகப்பில் 60 மி.மீ. வித்தியாசம் தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இப்படி ஒவ்வொரு ஜன்னலிலும் மூலையிலும் கூடும் கட்டைகளைச் சேர்த்துப் பார்த்தால், சுவர்ப் பரப்பில் மரம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு மாறும். மரம் வெப்பத்தைக் கடத்தும் அளவு ஏறக்குறைய 0.13, கண்ணாடிக் கம்பளி போன்ற இன்சுலேஷன் 0.035. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 140 மி.மீ. ஆழச் சுவரில் மரம் 15 சதவீதம் என்றால் யு மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு வெளியேறும் வெப்பம், சுமார் 0.28 வாட் வரும். அதே சுவரில் மரம் 25 சதவீதம் ஆனால் 0.32 தாண்டும். எளிய கணக்குதான், பிற அடுக்குகளுக்கு ஒரு பொதுவான மதிப்பு வைத்துப் போட்டிருக்கிறேன். ஆக, மரத்தை அதிகம் வாங்கி, அதற்குப் பதிலாக மோசமான சுவரை வாங்குகிறோம். பிறகு அதை ஈடுகட்ட உள்பக்கம் இன்னொரு அடுக்கு இன்சுலேஷன், அதற்கு வேறு கார்பன்.

1970களில் அமெரிக்காவில் வீட்டுக் கட்டுமான ஆராய்ச்சியில் இதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார்கள். இப்போது அட்வான்ஸ்டு ஃபிரேமிங் என்கிறார்கள். 16 அங்குல இடைவெளிக்குப் பதில் 24 அங்குலம், மூலையில் குறைந்த கட்டைகள், மேல் கட்டை ஒன்று மட்டும், உத்திரமும் ஸ்டட்டும் ஒன்றின் மேல் ஒன்று நேராக. அரை நூற்றாண்டு பழைய யோசனை. இன்றும் பல வீடுகளில் இதைச் செய்ய முடியாமல் போவதற்குக் காரணம், வீட்டின் அளவுகள் அந்த வரிசைக்கு ஏற்ப ஆரம்பத்தில் போடப்படவில்லை என்பதுதான். முதல் கோணல் முற்றும் கோணல்.

மூலையில் முழுக் கண்ணாடி, கீழே தூண் இல்லாத பெரிய ஹால். இதெல்லாம் வைக்கவே கூடாதா?

வைக்கலாம். என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும்.

காற்று வீட்டைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்குவது பலகை அடித்த சுவர்ப் பகுதிகள். ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி என்றால் அந்தப் பக்கம் தாங்க ஆள் இல்லை. அப்போது இரும்புச் சட்டம் வரும். உருக்காலையில் தாதுவிலிருந்து ஒரு டன் எஃகு செய்ய இரண்டு டன் வாக்கில் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மரவீடு என்று பெயர் வைத்துவிட்டு நடுவில் இரண்டு மூன்று எஃகு உத்திரங்களைச் செருகினால், மரத்தால் மிச்சம் பிடித்ததில் கணிசமான பகுதி அங்கேயே போய்விடும். அதோடு அந்த எஃகு வெளியிலிருந்து உள்ளே குளிரையும் வெப்பத்தையும் கடத்தும், அதைத் தனியாக மூட வேண்டும்.

பல வீடுகளில் அந்த மூலைக் கண்ணாடியில் இருந்து 600 அல்லது 900 மி.மீ. சுவர் திரும்பி வந்தாலே, அல்லது உள்ளே ஒரு குறுக்குச் சுவரைத் தாங்கும் சுவராக எடுத்துக்கொண்டாலே, எஃகு இல்லாமல் முடிக்க வழி கிடைக்கிறது. ஆரம்பத்தில் கேட்டால் சொல்ல முடியும்.

ஹாலின் நீளம் பற்றி ஒரு கணக்கு. ஒரே அளவு உத்திரம், ஒரே பாரம் என்றால், அது கீழே வளையும் அளவு நீளத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 4.5 மீட்டரை 5 மீட்டர் ஆக்கினால் வளைவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அரை மீட்டருக்காக ஒரு மாடி முழுவதும் உத்திரங்களை ஒரு அளவு ஏற்ற வேண்டி வரும், தரையின் மொத்த ஆழம் கூடும், படிக்கட்டில் ஒரு படி அதிகமாகும். அப்புறம் மேல்மாடிச் சுவர் கீழ்ச்சுவருக்கு நேர் மேலே வராமல் 400 மி.மீ. தள்ளி நின்றால் அதற்கு ஒரு தனி உத்திரம். இதெல்லாம் ஒரு மாலை நேரத்தில் டிரேசிங் பேப்பரை வைத்துக்கொண்டு பேசித் தீர்க்கக்கூடியவை.

அஸ்திவாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறைய. ஊசியிலை மரம் ஒரு கன மீட்டர் 450 கிலோ வாக்கில் இருக்கும், கான்கிரீட் 2400. மரச்சட்டகம் இலேசானது என்பதால் அஸ்திவாரத்தைச் சின்னதாக்கலாம், மண் இடம் கொடுத்தால் திருகுத்தூண், அதாவது மண்ணுக்குள் திருகி இறக்கும் இரும்புத் தூண், போன்ற முறைகளுக்கும் போகலாம். உலகின் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருவது. ஆனால் அஸ்திவாரத்தை வடிவமைக்கும் பொறியாளருக்குச் சட்டகத்தின் பாரம் தெரியாவிட்டால் அவர் என்ன செய்வார்? வழக்கமான செங்கல் வீட்டுக்கான அளவைப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் எண் இல்லை. சட்டகத்தின் தோராயமான பாரத்தை முதல் மாதத்திலேயே என்னால் கொடுக்க முடியும், துல்லியமான எண் பிறகு வந்தாலும் பரவாயில்லை. ஆர்க்கிடெக்ட், பொறியாளர், நான் என்ற மூன்று பேரில் ஒருவர் தாமதமாக வந்தால் மற்ற இருவருடைய வேலையும் கனமாகிறது.

குழாய், காற்றோட்ட டக்ட் எல்லாம் பிறகு பிளம்பர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாடிக் குளியலறை. தரைக்கு ஐ வடிவ ஜாயிஸ்ட், அதாவது தரை உத்திரம், போட்டிருந்தோம், மேலும் கீழும் மரத்தாலான பட்டை, நடுவில் மெல்லிய பலகை, 600 மி.மீ. இடைவெளி. ஆர்க்கிடெக்ட் கழிப்பறையை ஓர் இடத்தில் வரைந்திருந்தார், நான் ஜாயிஸ்டுகளை வேறொரு கோப்பில் வரிசைப்படுத்தியிருந்தேன். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து யாரும் பார்க்கவில்லை. தளத்தில் 110 மி.மீ. கழிவுக்குழாய் சரியாக ஒரு ஜாயிஸ்டின் தலையில் வந்து உட்கார்ந்தது. பிளம்பருக்கு அன்றைக்கு வேலை முடிய வேண்டும், ரம்பத்தை எடுத்து மேல் பட்டையை வெட்டிவிட்டார். ஐ ஜாயிஸ்டில் பட்டையை வெட்டினால் அந்த ஜாயிஸ்ட் செத்தது என்று அர்த்தம். நான் போய்ப் பார்த்தபோது வெட்டிய இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் திறந்திருந்தது. கீழ் அறையின் கூரைப் பலகையைக் கழற்றி, இரு பக்கமும் புதிய உத்திரம் கொடுத்து, குழாயைச் சுற்றிக் குறுக்குக் கட்டை கட்டி முடிக்க நான்கு நாள் ஆனது. வரைபடத்தில் ஜாயிஸ்ட் வரிசையை 150 மி.மீ. தள்ளியிருந்தால் ஒரு கட்டைகூட அதிகம் ஆகியிருக்காது. அந்தத் தவறில் என் பங்கும் இருக்கிறது, அதனால் இப்போது குளியலறை வரைபடம் கையில் வராமல் தரை உத்திரம் போடுவதில்லை.

முழு மர உத்திரம் என்றாலும் இதே கதைதான். பரவலாகப் பின்பற்றும் விதி, துளை உத்திரத்தின் ஆழத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. 220 மி.மீ. உத்திரத்தில் 55 மி.மீ. துளை. 110 மி.மீ. குழாய்க்கு அதில் வழியே இல்லை, உத்திரங்களுக்கு இணையாகத்தான் ஓட வேண்டும். காற்றுக் கசிவில்லாத வீடு என்றால் இயந்திரக் காற்றோட்டம் வரும், அதன் முதன்மை டக்ட் 125, 150 மி.மீ. இதற்கு இரும்புவலை ஜாயிஸ்ட், அதாவது மரத்தாலான பட்டைகளுக்கு நடுவே இரும்பு வி வடிவப் பின்னல் உள்ள உத்திரம், நல்ல தீர்வு. ஆனால் அதன் ஆழத்தை முதலிலேயே தேர்ந்தெடுத்தால்தான் மாடி உயரமும் படிக்கட்டும் ஒத்துப்போகும்.

மரம் சுருங்கும் என்கிறார்களே?

சுருங்கும். நார் ஓடும் நீளத்தில் மிகக் குறைவு, குறுக்கே கவனிக்கத்தக்க அளவு. ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் குறுக்கே ஏறக்குறைய 0.25 சதவீதம் என்று கணக்கு வைக்கிறோம். மரம் தளத்துக்கு 20 சதவீத ஈரத்தில் வந்து, வீடு குடியேறிய பிறகு 12க்கு இறங்கினால் 2 சதவீதம்.

இப்போது ஒரு மாடியின் இடுப்பைப் பாருங்கள். கீழே 38 மி.மீ. படுக்கைக் கட்டை, சுவர் உச்சியில் இரண்டு கட்டை 76, உத்திரம் 240, அடுத்த சுவரின் கீழ்க்கட்டை 38. மொத்தம் 392 மி.மீ. படுத்துக் கிடக்கும் மரம். அதில் 2 சதவீதம் ஏறக்குறைய 8 மி.மீ. வீடு அத்தனை கீழே இறங்கும். வெளியே செங்கல் உறை என்றால் அது இறங்காது, சுட்ட செங்கல் காலப்போக்கில் இம்மியளவு வளரவும் செய்யும். மாடி ஜன்னலின் அடிப்பலகை சட்டகத்தோடு இறங்கிவந்து செங்கல் மேல் உட்கார்ந்துகொண்டால் ஜன்னல் தூக்கிக்கொள்ளும், கதவு மாட்டிக்கொள்ளும், சீலண்ட் கிழிந்து தண்ணீர் உள்ளே போகும். அதனால் ஜன்னலுக்குக் கீழேயும் கூரை விளிம்பிலும் இடைவெளி விட வேண்டும், மாடி ஏற ஏற அதிகமாக. அந்த இடைவெளி ஆர்க்கிடெக்டின் விவர வரைபடத்தில் இருக்க வேண்டும், எண்ணை நான் கொடுக்க வேண்டும். சூளையில் உலர்த்திய மரமும் ஐ ஜாயிஸ்டும் போட்டால் இந்த எண் வெகுவாகக் குறையும்.

மரம் கார்பனைச் சேமித்து வைக்கிறது. அப்படியானால் நிறைய மரம் போடுவது நல்லதுதானே?

இந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 12 சதவீத ஈரத்தில் ஒரு கன மீட்டர் 450 கிலோ என்றால் உலர்ந்த மரம் 402 கிலோ. அதில் பாதி கார்பன், 201 கிலோ. கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 44ஐ 12ஆல் வகுத்துப் பெருக்கினால் 737 கிலோ. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 16449 சொல்லும் முறை இதுதான்.

ஆனால் அந்த 737 கிலோ கடன் கொடுத்தது போல. வீட்டை இடிக்கும் நாளில் மரத்தை எரித்தால் அது காற்றுக்குத் திரும்பிவிடும். அதனால்தான் கட்டடத்தின் முழு ஆயுள் கார்பன் கணக்குக்கான ஈ.என். 15978 தரநிலையில் பொருள் தயாரிப்பு முதல் கட்டிமுடிப்பு வரை ஏ பிரிவு, வசிக்கும் காலம் பி, இடிக்கும் காலம் சி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சேமித்த கார்பனைத் தனி வரியில் காட்டுங்கள், வெளியிட்ட கார்பனோடு கழித்து ஒரே எண்ணாக்கி விளம்பரம் செய்யாதீர்கள். நல்ல மரத்துக்கும் எல்லை உண்டு, ஒரு வீட்டில் தேவைக்கு மேல் திணித்த மரம் இன்னொரு வீட்டில் கான்கிரீட்டை நீக்கியிருக்கும். காட்டைப் பொறுப்பாக நிர்வகிக்கிறார்களா என்பதும் முக்கியம், எஃப்.எஸ்.சி அல்லது பி.இ.எஃப்.சி சான்று கேளுங்கள்.

கடனை நீட்டிக்க வழி, வீடு நீண்ட நாள் நிற்பதும், பிறகு கட்டைகளை உடைக்காமல் கழற்ற முடிவதும். பசைக்குப் பதில் ஸ்க்ரூ போடும் இடங்களை ஆரம்பத்திலேயே முடிவு செய்யலாம்.

இன்சுலேஷனைப் பிறகு தேர்ந்தெடுத்தால் என்ன?

சுவர் தடிமன் மாறிவிடும். மரநார் இன்சுலேஷனோ காகிதக் கூழ் இன்சுலேஷனோ கார்பன் கணக்கில் நல்லவை, ஆனால் கடத்தும் அளவு 0.038 முதல் 0.040 வரை. 0.035 உள்ள கம்பளி 140 மி.மீ. தரும் பலனை 0.040 உள்ளது தர 160 மி.மீ. வேண்டும். வீட்டின் வெளியளவு அனுமதியில் பூட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ. அறைக்குள்தான் வரும். படிக்கட்டு அகலமும் குளியலறை அகலமும் ஏற்கெனவே இறுக்கிப் பிடித்திருக்கும் இடங்கள், அங்கே 40 மி.மீ. போனால் விதிமுறைக்குள் நிற்காது. அப்போது எல்லோரும் வேறு வழியில்லாமல் பெட்ரோலியத்தில் செய்த நுரைப் பலகைக்குப் போகிறார்கள்.

காற்றுக் கசிவைப் பற்றி யார் யோசிக்க வேண்டும்?

இருவரும், ஒரே கோட்டை வைத்து. மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீட்டுக்கான பாஸிவ்ஹவுஸ் தரத்துக்கு 50 பாஸ்கல் அழுத்தத்தில் வீட்டுக் காற்று ஒரு மணி நேரத்தில் 0.6 தடவைக்கு மேல் மாறக் கூடாது. வெட்டுத்தோற்ற வரைபடத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து, கையை எடுக்காமல் காற்றுத் தடுப்பு அடுக்கை வீட்டைச் சுற்றி ஒரு சுற்று வரையச் சொல்வேன். பேனா தடுமாறும் இடம் எப்போதும் ஒன்றுதான்: மாடித்தரை சுவரைத் தொடும் இடம். அங்கே உத்திர முனைகள் வரிசையாக அடுக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். உத்திரங்களைச் சுவர் மேல் உட்கார வைக்காமல் உள்பக்கம் தொங்கவிட்டால் அடுக்கு நேராக ஓடும், ஆனால் அதற்குச் சட்டகத்தின் முறையே வேறு. எங்கள் பக்கம் முடிவு ஆன பிறகு ஆர்க்கிடெக்ட் டேப்பை ஒட்டித் தப்பிக்கப் பார்ப்பதைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

தீயும் சத்தமும்?

மெல்லிய சட்டகத்தைத் தீயிலிருந்து காப்பது பெரும்பாலும் ஜிப்சம் போர்டும், சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தில் தீ பரவாமல் வைக்கும் தடுப்புகளும். சத்தத்துக்கு, அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவரை ஒன்றையொன்று தொடாத இரண்டு சட்டகமாக நிறுத்துவார்கள். இரண்டுமே தடிமன் கேட்கும், அதனால் இதையும் முதல் சந்திப்பில் பேசிவிடுங்கள். விதிமுறைகள் இடத்துக்கு இடம் மாறுவதால் விவரத்தை உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள்.

சட்டக ஆள் ஆரம்பத்திலேயே வந்தால் எல்லா வீடும் பெட்டி மாதிரி ஆகிவிடாதா?

ஆர்க்கிடெக்டுகள் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், நியாயமான பயம். என் அனுபவம் நேர்மாறானது. கடைசியில் வரும் சட்டக வடிவமைப்பாளர்தான் வடிவமைப்பைச் சிதைக்கிறார், ஏனென்றால் அவருக்கு மிஞ்சியிருப்பது தாழ்ந்த உத்திரத்தை நடுக்கூடத்தில் தொங்கவிடுவதும், ஜன்னலுக்கு நடுவே தூண் வைப்பதும். முதலில் வந்தவர், எது உங்களுக்கு உயிர் மாதிரி முக்கியம் என்று கேட்டுவிட்டு மற்ற இடங்களில் சிக்கனம் பிடிக்கலாம். அந்த ஒரு படிக்கட்டு வெளிச்சத்துக்காக ஒரு லாமினேட்டட் உத்திரம், அதாவது மர அடுக்குகளை ஒட்டிச் செய்த உத்திரம், போடலாமா? தாராளமாக. வீட்டின் மற்ற இருபது இடங்களில் மிச்சம் பிடித்திருக்கிறோமே.

முன்கூட்டியே கூப்பிட்டால் ஒரே நிறுவனத்தோடு கட்டுப்பட்டுவிடுவோமே, விலை பேச முடியாதே?

வடிவமைப்புக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து, வரைபடத்தின் உரிமை யாருக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இலவச ஆலோசனைதான் கட்டிப்போடுகிறது, பிறகு வேறு ஆளிடம் போக மனம் கூசும். சுயேச்சையாக வேலை செய்யும் சட்டகப் பொறியாளரை வைத்துக்கொள்வது இன்னொரு வழி, ஆனால் அவருக்குத் தொழிற்சாலைகளின் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

3டி மாடலைப் பகிர்ந்துகொண்டால் போதாதா?

மாடல் உதவும், குழாய் எங்கே மோதுகிறது என்று காட்டும். ஆனால் ஆர்க்கிடெக்டின் மாடலில் சுவர் என்பது ஒரு திடமான பட்டை. அதற்குள் கட்டைகளே இல்லை. மோதலை மாடல் காட்டும்போது இருவரும் ஏற்கெனவே இரண்டு வாரம் வேலை செய்திருப்பார்கள், மாற்ற யாருக்கும் மனம் வராது. பேச்சு முதலில், மாடல் பிறகு.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

தோராயமான தளவரைபடம், ஒரு வெட்டுத்தோற்றம், வெளி உறை என்ன என்று ஒரு யோசனை, மண் அறிக்கை இருந்தால் அதுவும். வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள். எந்தச் சுவரை நகர்த்தலாம், எதை நகர்த்தவே கூடாது என்று அவருக்குத்தான் தெரியும்.

அனுமதி வாங்கியாகிவிட்டது. இனிக் கூப்பிட்டுப் பயனில்லையா?

உண்டு. வெளியளவு மாறாது, ஆனால் உத்திரத்தின் திசை, உள்சுவர்கள், ஸ்டட் இடைவெளி, குழாய் வழி, அஸ்திவார அளவு எல்லாம் இன்னும் உங்கள் கையில். அனுமதியை மீறாத அளவுக்குச் சில ஜன்னல்களை 50, 60 மி.மீ. நகர்த்த முடியுமா என்று உள்ளூர் அதிகாரியிடம் கேட்டுப் பார்க்கலாம், சின்னத் திருத்தமாக ஏற்றுக்கொள்ளும் இடங்கள் உண்டு. இந்த நிலையில் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஜன்னல்களுக்கு ஆர்டர் போய்விட்டதா என்றுதான். போகவில்லை என்றால் இன்றைக்கே போன் செய்து இரண்டு வாரம் நிறுத்திவையுங்கள். ஜன்னல் அளவு தொழிற்சாலைக்குப் போய்விட்டால் அந்தச் சுவரில் நான் தொடுவதற்கு அதிகம் இருக்காது.